பட்டுப்பாவாடை தைத்தல்

பட்டுப்பாவாடை என்பது தமிழகத்தில் சிறுமியர் அணியும் மரபுவழி உடையாகும். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நீளும் கரை வைத்த பாவாடையும், இடுப்பைத் தாண்டி இறங்கும் குட்டைக்கைச் சட்டையும் சேர்ந்தது இவ்வுடை. இதனால் இது பேச்சு வழக்கில் பாவாடை சட்டை என்றே அழைக்கப்படுகிறது. ஆந்திரப் பிரதேசத்திலும் தெலங்காணாவிலும் பட்டு லங்கா என்ற பெயரிலும், கர்நாடகத்தில் லங்கா என்ற பெயரிலும், கேரளத்தில் ஏறத்தாழ இதே பெயரிலும் இவ்வுடை வழங்குகிறது. பெண் பூப்பெய்தியபின் இதனுடன் தாவணி சேரும். முதல் தாவணி தாய்மாமன் சீராக வருவது பல சமூகங்களில் வழக்கம்.

இக்கட்டுரை ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு மிதி தையல் இயந்திரத்தைக் கொண்டு வீட்டிலேயே பட்டுப்பாவாடை தைக்கும் முறையை விளக்குகிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சூழல் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது. அளவுகள் தையற்காரர்களின் வழக்கப்படி அங்குலத்திலும், துணி கடை வழக்கப்படி மீட்டரிலும் தரப்பட்டுள்ளன. ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர் ஆகும்.

சொல்

பாவாடை என்னும் சொல்லுக்கு அகராதிகள் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் தருகின்றன. பெரியோர் நடந்து வருவதற்காகத் தரையில் விரிக்கும் துணி பாவாடை எனப்பட்டது. இறைவன் திருமுன் சோற்றைக் குவித்துப் படைப்பதற்கு விரிக்கும் துணிக்கும் இப்பெயரே உண்டு. பாவுதல் என்பதற்குப் பரப்புதல் என்று பொருள். இடுப்பில் கட்டும் உடை என்ற பொருளே இன்று பெருவழக்காகிவிட்டது. கடலூர், விழுப்புரம், அரியலூர்ப் பகுதிகளில் பாவாடை என்பது ஆண்களின் பெயராகவும் விளங்குகிறது. அங்காளம்மன் கோயில்களில் காவல் தெய்வமாக நிற்கும் பாவாடைராயனின் பெயர் அது. வெளியூர்க்காரர்கள் இப்பெயரைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. பெயருக்குப் பின்னால் இருப்பது உடையன்று, தெய்வம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

பெரம்பலூர், அரியலூர் பகுதியில்

இவ்விரு மாவட்டங்களும் முன்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்தன. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிக்கப்பட்டு, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் இரண்டாம் முறையாகத் தனி மாவட்டமானது.

துணியோடு இப்பகுதிக்கு இரண்டு வகையில் தொடர்பு உண்டு. பெரம்பலூர் மாவட்டத்தின் கரிசல் நிலங்களில் பருத்தி மானாவாரியாகப் பயிரிடப்படுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் ஒன்று வேப்பந்தட்டையில் இயங்குகிறது. அரியலூர் மாவட்டத்தில் செயங்கொண்டத்தைச் சுற்றியுள்ள வாரியங்காவல், இலையூர் முதலிய ஊர்களில் கைத்தறி நெசவு குடும்பத் தொழிலாக உள்ளது. ஆகவே பட்டும், அதற்கு உள்ளே வைக்கும் பருத்தியும் இவ்வட்டாரத்துக்கு அயலானவை அல்ல. எனினும் கடையில் வாங்கும் பாவாடைப் பட்டு பெரும்பாலும் காஞ்சிபுரம், ஆரணி, கும்பகோணம் போன்ற இடங்களிலிருந்தே வருகிறது.

தீபாவளி, பொங்கல், காதணி விழா, கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயில் திருவிழா, ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருவிழா என்று ஆண்டில் ஐந்தாறு நாட்களே இவ்வுடை வெளியே வரும். மற்ற நாட்களில் பெட்டியில் இருக்கும். ஐந்தாறு நாள் உடுத்துவதற்கு விலை மிகுந்த துணி வாங்கவேண்டும், குழந்தையோ ஆண்டுதோறும் வளர்கிறது. இந்தச் சிக்கலுக்கு விடையாகவே பட்டுப்பாவாடையின் தையல் முறை அமைந்துள்ளது எனலாம்.

தையல் இயந்திரம்

ஐசக் சிங்கர் 1851இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இயந்திரத்தின் வழிவந்தவையே இன்று வீடுகளில் காணப்படும் மிதி இயந்திரங்கள். இந்தியாவில் கல்கத்தாவின் ஜெய் எஞ்சினியரிங் நிறுவனம் 1930களில் உஷா இயந்திரங்களைச் செய்யத் தொடங்கியது. கறுப்புத் தலை, மரப்பலகை, இரும்பு மிதி என்ற அமைப்பு அதன்பின் பெரிதாக மாறவில்லை. நேர்த் தையல் மட்டுமே போடும் இவ்வியந்திரம் பாவாடைக்கு முற்றிலும் போதுமானது.

தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டத்தின் வழியாகக் கைம்பெண்கள், கணவனால் கைவிடப்பட்டோர், ஏழைப் பெண்கள் ஆகியோருக்கு இயந்திரங்கள் வழங்கப்பட்டு வருகின்றன. அரசுப் பள்ளிகளின் சீருடைகள் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் வழியே தைக்கப்படுவதால், சீருடை தைத்துப் பழகிய கைகள் ஊர்தோறும் உள்ளன. சீருடைத் துணி கடினமானது. தவறினால் பிரித்துத் தைக்கலாம். பட்டு அப்படியன்று. பிரித்த இடத்தில் ஊசித்துளை நிற்கும். சீருடை நன்றாகத் தைப்பவர்கள்கூட முதல் பட்டுப்பாவாடையில் தயங்குவது இதனால்தான்.

துணி தேர்வு

பாவாடைப் பட்டில் கரை ஒரு பக்க விளிம்பை ஒட்டி நீளவாக்கில் ஓடும். மற்றத் துணிகளில் துணியின் நீளம் உடையின் நீளமாகும். பாவாடையில் இது தலைகீழ். துணியின் அகலம் பாவாடையின் உயரமாகவும், துணியின் நீளம் பாவாடையின் சுற்றளவாகவும் ஆகின்றன. எனவே கரை கணுக்காலைச் சுற்றி வரும். விளிம்பே கீழ் ஓரம் ஆவதால் அடியில் மடித்துத் தைக்கவேண்டியதில்லை. உயரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் எல்லாம் கரைக்கு மேலேதான் நடக்கவேண்டும் என்பதும் இதனால் ஏற்படும் கட்டுப்பாடு.

ஐந்து வயதுக் குழந்தைக்குப் பாவாடைக்கு 2 மீட்டரும் சட்டைக்கு முக்கால் மீட்டரும் போதும். உள்துணிக்கு ஒன்றரை மீட்டர் வெள்ளைப் பாப்ளின் அல்லது மெல்லிய பருத்தி லைனிங் துணி வாங்கவேண்டும். மேல் உடம்புப் பகுதிக்கு (பாடி) அரை மீட்டர் பருத்தி தேவை.

ஆர்ட் சில்க் என்று விற்கப்படுபவை பட்டு அல்ல, ரேயான் அல்லது பாலியெசுட்டர். ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி எரித்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். பட்டு இழை முடி எரியும் வாடையுடன் மெதுவாக எரிந்து, நெருப்பை விலக்கினால் அணையும். சாம்பல் விரலில் பொடியாகும். பருத்தியும் ரேயானும் காகிதம் போல எரியும். பாலியெசுட்டர் உருகிச் சுருண்டு கடினமான மணியாக நிற்கும். பாவு, ஊடை இரண்டிலிருந்தும் இழை எடுத்துச் சோதிக்கவேண்டும், ஏனெனில் ஒன்று பட்டாகவும் மற்றது வேறாகவும் இருக்கக்கூடும். நடுவண் பட்டு வாரியத்தின் முன்முயற்சியில் 2004இல் தொடங்கிய சில்க் மார்க் முத்திரை, தூய பட்டுக்கு அடையாளமாகத் தரப்படுகிறது.

இச்சோதனை பணத்துக்காக மட்டும் செய்வதன்று. இவ்வுடை அதிகம் அணியப்படும் நாள் தீபாவளி. தரையைத் தொடும் அகன்ற பாவாடையுடன் சிறுமியர் மத்தாப்பும் சங்குசக்கரமும் கொளுத்துகிறார்கள். உருகும் துணி தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமான தீப்புண்ணை உண்டாக்கும். பட்டு எளிதில் பற்றி எரிவதில்லை, ஆனால் உள்ளே இருக்கும் பருத்தி எளிதில் பற்றும். எனவே உள்துணி வெளியே தொங்காதவாறு இரண்டு அங்குலம் குட்டையாக இருக்கவேண்டும். உள்துணிக்கு நைலான் வலையோ பாலியெசுட்டரோ வைப்பதைத் தவிர்க்கவேண்டும். பாவாடை விரிந்து நிற்கும் என்பதற்காக வலைத்துணி வைக்கும் வழக்கம் அண்மைக்காலத்தில் பரவியுள்ளது. வெடி கொளுத்தும்போது பருத்திச் சட்டைக்கு மாற்றிவிட்டுப் பட்டைப் படத்துக்கும் கோயிலுக்கும் வைத்துக்கொள்வதே நல்லது.

பழைய புடவையிலிருந்து

தாயின் கூறைப்புடவையையோ பாட்டியின் புடவையையோ வெட்டிப் பாவாடை தைப்பது நீண்டநாள் வழக்கம். ஐந்தரை மீட்டர்ப் புடவையில் 2 மீட்டர் போக மூன்றரை மீட்டர் மிஞ்சும். அதில் மூத்தவளுக்கும் ஒன்று தைக்கலாம். புடவையின் அகலம் சுமார் 47 அங்குலம். சின்னவளுக்கு 30 அங்குல உயரம் போதுமாதலால், மறுபக்கக் கரையுடன் 17 அங்குலப் பட்டை ஒன்று கிடைக்கும். அதுவே சட்டைக்கும் கைக்கரைக்கும் ஆகும்.

வெட்டுவதற்கு முன் புடவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கவேண்டும். பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் இருந்த பட்டு அம்மடிப்புக் கோட்டில் இற்றுப்போயிருக்கும். இரு கைகளாலும் மெல்ல இழுத்தால் நூல் விலகுவது தெரியும். அத்தகைய கோடு தைக்கும்போது கொசுவத்தின் உள்மடிப்பில் விழுமாறு அமைத்தால் இழுவை குறையும். கோடுகள் பலவாக இருந்தால் அப்புடவையை வெட்டாமல் விடுவதே மேல். வெட்டிய புடவை மீண்டும் புடவையாகாது. இதற்குக் குடும்பத்தில் எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்பது தையல் நூல்களில் எழுதப்படாத முதற்படி.

அளவெடுத்தலும் வளர்ச்சிக் கணக்கும்

ஐந்து வயதுச் சிறுமிக்கு எடுத்துக்காட்டாக மார்பு 22, தோள் முதல் இடுப்பு வரை 9½, இடுப்பு முதல் கணுக்கால் வரை 25 அங்குலம் எனக் கொள்வோம். குழந்தைக்குக் குழந்தை வேறுபடுமாதலால் அளவெடுத்தே வெட்டவேண்டும். அளவு நாடாவுக்குள் இரு விரல் செல்லும் அளவு தளர்வு இருக்கவேண்டும்.

உலக நலவாழ்வு அமைப்பின் வளர்ச்சி அட்டவணைப்படி சிறுமியரின் இடைநிலை உயரம் 5 வயதில் 109, 6 வயதில் 115, 7 வயதில் 121, 8 வயதில் 127 சென்டிமீட்டர் அளவில் உள்ளது. அதாவது ஆண்டுக்குச் சுமார் 6 சென்டிமீட்டர். இவ்வளர்ச்சியில் பாதிக்கு மேற்பட்ட பங்கு இடுப்புக்குக் கீழ் நிகழ்கிறது. அதனை ஆண்டுக்கு ஒன்றரை அங்குலம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிதாகிறது.

துணியில் குறுக்காக முக்கால் அங்குல ஆழத்துக்கு ஒரு மடிப்புப் பிடித்தால் (தையற்காரர் இதனை டக் என்பர்) அது ஒன்றரை அங்குல உயரத்தை விழுங்கும். ஆகவே ஒரு டக் ஓராண்டுக்குச் சமம். மூன்று டக் பிடித்தால் ஐந்து வயதில் தைத்த பாவாடையை எட்டு வயது வரை உடுத்தலாம். ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன் ஒரு டக்கைப் பிரித்தால் போதும். பாட்டிமார் அட்டவணை ஏதும் பாராமல் இதே முக்கால் அங்குலத்தை விரற்கடையால் பிடித்து வந்தனர்.

வேண்டிய மொத்த உயரம் பின்வருமாறு:

இடுப்பு முதல் கணுக்கால் 25 + மூன்று டக் 4½ + மேல் தையலுக்கு ½ = 30 அங்குலம்.

துணி 44 அங்குல அகலம் இருந்தால் மேற்புறத்தில் 14 அங்குலப் பட்டை மிஞ்சும். அதனை எறியக்கூடாது. பின்னாளில் பாடியை மாற்றும்போதும், சட்டைக் கைக்கு ஒட்டுப் போடும்போதும் அதே சாயத்தில் துணி வேறெங்கும் கிடைக்காது.

பாடியா, நாடாவா

பாவாடையை இடுப்பில் நிறுத்த இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, இடுப்புப் பட்டியில் நாடா கோத்துக் கட்டுவது. மற்றது, கையில்லாத உள்சட்டை போன்ற பாடியைத் தைத்து அதன் அடியில் பாவாடையை இணைப்பது. சிறு குழந்தைகளுக்கு இரண்டாவதே ஏற்றது. குழந்தைக்கு இடுப்பு வளைவு இல்லையாதலால் நாடாவை இறுக்கினாலொழியப் பாவாடை நிற்காது. பட்டும் சரிகையும் உள்துணியும் சேர்ந்த எடை இறுகிய நாடாவில் தொங்கினால் இடுப்பில் தழும்பு விழும். பாடியில் அந்த எடை தோளுக்குப் போய்விடுகிறது.

பெரியவர்களுக்கும் இது பொருந்தும் செய்திதான். பல பத்தாண்டுகள் உள்பாவாடை நாடாவை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டிய முதிய பெண்கள் இருவருக்கு அவ்விடத்தில் ஆறாத புண்ணும் பின்னர்த் தோல் புற்றுநோயும் ஏற்பட்டதை 2024இல் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழ் வெளியிட்டது. காரணம் புடவையன்று, நாடாவின் இறுக்கமே என்று அம்மருத்துவர்கள் சுட்டினர். இது அரிதாக நிகழ்வது. ஆனாலும் அகலமான பட்டியும் தளர்ந்த கட்டும் வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

தைக்கும் முறை

பருத்தித் துணிகள் இரண்டையும் முதல்நாள் இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்தித் தேய்க்கவேண்டும். இதனைச் செய்யாவிட்டால் முதல் சலவையில் உள்துணி சுருங்கி, வெளியே பட்டு கொப்பளித்து நிற்கும். பட்டை நனைக்கக்கூடாது.

பாடி. மார்பு 22உடன் தளர்வுக்கு 2 சேர்த்து 24. இதனை நான்காகப் பகுத்தால் 6. துணியை நான்காக மடித்து, அகலம் 6உடன் பக்கத் தையலுக்கு 1½ அங்குலம் சேர்த்து வெட்டவேண்டும். வழக்கமாக அரை அங்குலமே விடுவர். இங்கு மிகுதியாக விடுவது பின்னாளில் பிரித்துப் பெரிதாக்குவதற்காக. கையாழம் மார்பில் நான்கிலொரு பங்கு, அதாவது 5½. கழுத்து அகலம் மார்பில் பன்னிரண்டிலொரு பங்கு, ஏறத்தாழ 1¾. முன்கழுத்து இறக்கம் 3. பின்பக்கம் நடுவில் திறப்பு. ஒன்றன்மேல் ஒன்று படிவதற்கு மொத்தம் 1 அங்குலமும், அதற்குமேல் இருபுறமும் மடித்துத் தைக்கத் துணியும் விடவேண்டும். கழுத்தையும் கையையும் குறுக்கு வெட்டில் எடுத்த ஓரப்பட்டையால் (கிராஸ் பீஸ்) முடித்தால் வளைவில் சுருக்கம் விழாது. தோளிலும் அரை அங்குல டக் ஒன்று பிடித்து வைத்தால் உடம்பு நீளும்போது பிரிக்கலாம்.

பாவாடையை இணைத்தல். 2 மீட்டர்த் துணி சுமார் 79 அங்குலம். இருமுனைகளையும் சேர்த்துத் தைத்தால் 1 அங்குலம் போக 78 நிற்கும். வெட்டிய பட்டு மிகவும் பிசிறும். ஆகவே முதலில் உட்புறங்கள் ஒன்றையொன்று பார்க்குமாறு வைத்துக் கால் அங்குலத்தில் ஒரு தையல் போட்டு, பிறகு துணியைத் திருப்பி அத்தையலை உள்ளே அடக்கி மீண்டும் கால் அங்குலத்தில் தைக்கவேண்டும். பிசிறு இரண்டு தையலுக்கு நடுவே சிறைப்படும். கரையின் பூவேலை இணைப்பில் நேராகச் சேர்வதற்கு, தையலைக் கரையிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போடவேண்டும். மேலிருந்து தொடங்கினால் கீழே வரும்போது கரை விலகியிருக்கும். மேல் முனையில் 5 அங்குலம் தைக்காமல் விட்டு ஓரத்தை மடித்து முடித்தால், அதுவே பாடியின் திறப்போடு சேர்ந்து குழந்தை நுழையும் வழியாகும்.

டக். இணைத்த பிறகே டக் பிடிக்கவேண்டும். தட்டையாக இருக்கும்போது பிடித்தால் அதன் முனைகள் இணைப்புத் தையலுக்குள் மாட்டிக்கொள்ளும். ஓராண்டு கழித்துப் பிரிக்க முடியாது. வளையமாக்கிய பின் கரைக்கு இரண்டு அங்குலம் மேலே முதல் டக்கும், அதற்கு மேல் மற்ற இரண்டும் உட்புறமாக அமையும். சாதாரணத் தையலுக்கு அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு குத்து என்றால், இங்கு ஐந்தாறு போதும். குத்து நீளமாக இருந்தால் பிரிப்பது எளிது, துளையும் குறைவு. பிரித்த டக்கின் இடத்தில் சாயம் மங்காத பட்டை ஒன்று தெரியும். பார்ப்பவர்கள் அதனை வைத்துப் பாவாடையின் வயதை எண்ணிவிடுவார்கள். அது பொருட்டில்லை எனலாம். பொருட்டென நினைப்போர் அக்கோட்டின் மேல் மெல்லிய சரிகை நாடா வைத்துத் தைப்பர்.

கொசுவம். பாவாடைச் சுற்றளவு 78. பாடியின் அடிச்சுற்று 24உடன் படிவு 1 சேர்ந்து 25. எஞ்சிய 53 அங்குலம் கொசுவத்துக்குள் மறையவேண்டும். கொசுவத்தின் ஆழத்தைப் பின்வரும் வாய்பாட்டால் பெறலாம்:

ஆழம் = (துணிச் சுற்றளவு − பாடிச் சுற்றளவு) ÷ (2 × கொசுவ எண்ணிக்கை)

24 கொசுவம் வைத்தால் 53 ÷ 48, அதாவது 1.1 அங்குல ஆழம். ஒவ்வொன்றின் வெளித்தோற்றம் 25 ÷ 24, ஏறத்தாழ 1 அங்குலம். ஆழமும் தோற்றமும் இவ்வாறு ஏறத்தாழச் சமமாக வரும்போது கொசுவங்கள் ஒன்றன் முதுகில் ஒன்று இடைவெளியின்றி அமரும். ஆழம் தோற்றத்தைவிடக் குறைந்தால் நடுவில் தட்டையான இடம் விழும். மிகுந்தால் இடுப்பில் துணி அடுக்கடுக்காகத் தடிக்கும். 3 மீட்டர்த் துணியை இதே இடுப்புக்கு வைத்தால் நன்றாக விரியும் என்று எண்ணுவது தவறு. ஆழம் 2 அங்குலத்துக்குப் போய், ஊசி இறங்காத அளவுக்குத் தடித்துவிடும்.

கொசுவக் குறிகளை மேல் ஓரத்தில் மட்டும் இடாமல் கரைக்கு மேலேயும் இடவேண்டும். இரண்டு குறிகளையும் சேர்த்து மடித்தால்தான் கொசுவம் நேராக இறங்கும். மடித்தபின் மேலே, நடுவே, கரைக்கு மேலே என மூன்று இடங்களில் கையால் ஓட்டுத் தையல் போட்டுவைத்து, மெல்லிய பருத்தித் துணியை மேலே விரித்து, குறைந்த சூட்டில் தேய்க்கவேண்டும். சரிகையின் மேல் இரும்பு நேரடியாகப் படக்கூடாது. இவ்வோட்டுத் தையலைப் பாவாடை முழுவதும் முடிந்த பிறகே எடுக்கவேண்டும்.

உள்துணி. இதற்குக் கொசுவம் வேண்டாம். ஒன்றரை மீட்டரைச் சுற்றளவாக வைத்து, மேலே சுருக்கம் பிடித்தால் போதும். பட்டின் கொசுவமும் உள்துணியின் கொசுவமும் ஒன்றாகச் சேர்ந்தால் இடுப்பு தடிக்கும். இதிலும் ஒரு டக் பிடித்துவைப்பது நல்லது.

மூன்றையும் சேர்த்தல். பாடியின் அடி ஓரத்தில் முதலில் உள்துணியையும், பிறகு பட்டையும் இணைக்கவேண்டும். இங்கு மட்டும் தையல் இரண்டு முறை போடப்படும், எடை முழுவதும் தொங்குவது இந்த ஒரு வரியில்தான்.

பட்டுக்கு 11ஆம் எண் ஊசியும், பருத்திக்கும் இணைப்பு வரிக்கும் 14ஆம் எண் ஊசியும் பொருந்தும். முனை மழுங்கிய ஊசி பட்டின் இழையைத் துளைக்காமல் இழுத்துவிடும். துணியில் நெடுகக் கோடு விழும். பழைய ஊசியைச் சிக்கனம் கருதி மாட்டுவது வீண் செலவில் முடியும். மேல்நூல் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தி, பட்டின் வெட்டுத்துண்டில் தைத்துப் பார்த்தபின் தொடங்கவேண்டும். துணி வழுக்கினால் அடியில் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்துத் தைத்துப் பின்னர்க் கிழித்தெடுக்கலாம். செய்தித்தாள் கூடாது, மை ஒட்டும்.

கரையின் கீழ் விளிம்பு தரையில் உரசி அறுந்துபோவதைத் தடுக்க, புடவைக்கு வைப்பது போன்ற ஃபால்ஸ் பட்டையை உட்புறம் வைத்துக் கையால் தைப்பர். இயந்திரத்தில் தைத்தால் சரிகை நூல் அறுபடும்.

சட்டை

சட்டை பாடியின் வெட்டையே பின்பற்றும். மார்புச் சுற்று 26, நீளம் 14 அங்குலமாக இருந்தால் பாடியும் இணைப்பு வரியும் மறையும். பஃப் கைக்கு, கைத்துணியின் அகலத்தைக் கையளவைப் போல் ஒன்றரை மடங்காக வெட்டி, தோள் முனையிலும் கைக்கரையிலும் சுருக்கம் பிடிப்பர். மிஞ்சிய கரைத்துண்டு கையின் ஓரத்தில் வரும். பின்புறம் கொக்கி வைப்பது வழக்கமாயினும் காஜா எடுத்துப் பொத்தான் வைப்பது குழந்தைக்கு உறுத்தாது. கொக்கி வைத்தால் அதற்கு அடியில் துணிப்பட்டை இருக்கவேண்டும். சட்டைக்கு உள்ளேயும் பருத்தி லைனிங் தேவை. பெரம்பலூர், அரியலூர் வெயிலில் வியர்வை பட்ட பட்டு அக்குளில்தான் முதலில் கிழிகிறது.

பராமரிப்பு

உடுத்தியபின் உடனே மடித்துவைக்கக்கூடாது. நிழலில் ஓரிரு மணி நேரம் காற்றாட விட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்கவேண்டும். பூச்சி உருண்டையும் வாசனைத் தெளிப்பும் சரிகையில் நேரடியாகப் பட்டால் அது கறுக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடித்தால் மேலே கூறிய இற்றுப்போதல் தள்ளிப்போகும். இரும்புக் கம்பியாலான மாட்டியில் தொங்கவிட்டால் துருக்கறை படியும், எடையால் தோளும் இழுபடும்.

எட்டு வயதுக்குப்பின் மூன்று டக்கும் தீர்ந்த நிலையில், பாடியை நீக்கி நாடாப் பட்டி வைத்துத் தைத்தால் மேலும் ஓராண்டு கிடைக்கும். இல்லையெனில் தங்கைக்கு மாறும். அப்போது பிரித்த மூன்று டக்கையும் பழைய துளைக்கோட்டிலேயே மீண்டும் பிடித்துக்கொள்ளலாம். புதிய துளை விழாது.